ஓட்டில் 1865 என்றால் வீடும் 1865-ஆ?

வீட்டு விசயம்: வாசகர் கேள்வி, பதில்

போன இதழில் "வன்னியில் பழைய வீடு என்று சொல்ல என்ன மிஞ்சியிருக்கிறது" என்று ஒரு வரி சும்மா எழுதிவிட்டேன். அது பலருக்குச் சுட்டிருக்கிறது போல. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "எங்கட வீட்டை வந்து பாருங்கோ" என்கிற மாதிரியானவை. எல்லோருடைய வீட்டுக்கும் வர என்னுடைய மோட்டார் சைக்கிளுக்கு வலு இல்லை, ஆகையால் இங்கேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அம்மம்மாவின் வீட்டுக் கூரையைப் பிரித்தபோது ஓட்டின் அடிப்பக்கத்தில் ஆங்கிலத்தில் பாசல் மிஷன் என்றும் அதோடு 1865 என்றும் அச்சு விழுந்திருப்பதைக் கண்டேன். எங்கள் வீடு 160 வருடப் பழசு என்று முகநூலில் படத்தோடு போட்டேன். அதற்குக் கீழே, ஓட்டில் உள்ள ஆண்டு வீட்டின் ஆண்டு ஆகாது என்று ஒரே சண்டை. யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, இறம்பைக்குளம், வவுனியா

பதில்: சண்டை பிடித்தவர்கள் சொல்வதுதான் சரி, கோபிக்க வேண்டாம். 1865 என்பது மங்களூரில் பாசல் மிஷன்காரர் ஓட்டு ஆலை தொடங்கிய ஆண்டு. தேநீர்ப் பெட்டியில் கம்பனி தொடங்கிய ஆண்டைப் போடுவார்களே, அந்த மாதிரி. பாசல் சுவிட்சர்லாந்தில் உள்ள நகரம். அங்கேயிருந்து வந்த மிஷனரிமார் முதலில் மங்களூரிலும் பிறகு கள்ளிக்கோட்டைப் பக்கமும் ஆலை போட்டார்கள். எங்கட ஆட்கள் எந்த ஆலையில் சுட்டு வந்தாலும் எல்லாவற்றையும் கள்ளிக்கோட்டை ஓடு என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

ஆனால் உங்கள் ஓடு ஒன்றும் பெறுமதி இல்லாதது அல்ல. முதலாம் உலகப் போரின்போது ஆங்கிலேயர் அந்த ஆலைகளை மிஷனிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வேறு கம்பனியின் பெயரில்தான் ஓடு வந்தது. ஆகவே மிஷன் பெயரோடு இருக்கிற ஓடு அநேகமாக நூறு வருடத்தைத் தாண்டியது. அதுவே பெரிய விசயம். ஆனால் ஓட்டுக்கு நூறு வயது என்பதால் வீட்டுக்கும் நூறு வயது என்று ஆகாது. ஓடு கால் முளைத்த சாமான். ஒரு வீட்டை இடித்தால் ஓடு இன்னொரு வீட்டுக்குப் போகும், அங்கேயிருந்து மாட்டுக் கொட்டிலுக்குப் போகும், திரும்ப ஒரு கலியாணத்தோடு வீட்டுக் கூரைக்கு ஏறும்.

வீட்டின் வயதைப் பார்க்க வேண்டுமானால் சுவரிடம் கேளுங்கள். பூச்சு உதிர்ந்த இடத்தில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு ஆணியால் சுரண்டுங்கள். வெள்ளையாக மாவு மாதிரி உதிர்ந்தால் சுண்ணாம்புச் சாந்து. சாம்பல் நிறத்தில் ஆணி வழுக்கினால் சீமெந்து. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950-இல்தான் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்பும் கப்பலில் சீமெந்து வந்ததுதான், ஆனால் வவுனியாவில் ஒரு சாதாரண குடும்பம் முழுச் சுவரையும் அதால் கட்டியிருக்காது. பிறகு காணி உறுதிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். காணி கைமாறும்போது "கல்வீடும் கிணறும் உட்பட" என்று எந்த உறுதியில் முதன்முதல் எழுதியிருக்கிறதோ, அதற்கு முன் வீடு வந்துவிட்டது. முந்திய உறுதியில் கிணறு மட்டும் இருந்தால் இரண்டுக்கும் இடைப்பட்ட காலம். இப்படி ஒரு பத்து வருட வித்தியாசத்துக்குள் பிடித்துவிடலாம்.

இன்னொன்று. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை ரயில் ஓடத் தொடங்கியது 1905-இல். வவுனியா அரசாங்கக் கச்சேரியையும் குளத்தையும் சுற்றிக் கிடந்த ஒரு சின்ன இடம், ஸ்டேசன் வந்த பிறகுதான் அந்தப் பக்கமாக நீண்டது. இவ்வளவு பாரமான ஓட்டைக் காட்டுப் பாதையில் மாட்டு வண்டிலில் இழுப்பதும் ரயிலில் இறக்குவதும் ஒன்றா? உங்கள் வீடு ஸ்டேசனிலிருந்து எவ்வளவு தூரம் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதுங்கள்.

கேள்வி: பழைய ஓட்டைக் கழற்றிவிட்டு சீற் போடலாமா? குரங்குத் தொல்லை தாங்க முடியவில்லை.
– ஒரு வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: குரங்குக்கு முன்னால் கட்டடக்கலை தோற்றுப்போகும் என்பது எனக்கும் தெரியும். ஒரு பாய்ச்சலில் நாலு ஓடு போகும், அடுத்த மழையில்தான் நமக்குத் தெரியவரும்.

சீற் போட்டால் குரங்குச் சத்தம் மட்டும்தான், உடைவு இல்லை. ஆனால் சித்திரை, வைகாசியில் மத்தியானம் உள்ளே இருந்து பாருங்கள். நான் சொல்லக்கூடியது, ஓட்டை விடாதீர்கள், ஓட்டுக்கு அடியில் சிலாகைக்கு மேல் மெல்லிய சீற்றைப் போட்டு அதன்மேல் ஓட்டைத் திரும்ப அடுக்குங்கள். ஓடு உடைந்தாலும் ஒழுகாது, இரண்டுக்கும் நடுவில் காற்று ஓடுவதால் சூடும் இறங்காது. செலவு கூடத்தான். முடியாவிட்டால் படுக்கை அறைக்கும் சாமி அறைக்கும் மட்டும் செய்யுங்கள், குசினியைக் குரங்குக்கு விட்டுவிடுங்கள். கூரையில் தொட்டுக்கொண்டிருக்கிற மாமரக் கொப்பை முதலில் வெட்டுங்கள். அது செலவில்லாத வேலை, ஆனால் யாரும் செய்வதில்லை.

அஸ்பெஸ்ரஸ் சீற் ஏற்கனவே இருந்தால் அதை வாளால் அறுக்கவோ காய்ந்தபடி துளை போடவோ வேண்டாம். அந்தத் தூசு நெஞ்சுக்குக் கூடாது. கழற்றத்தான் வேண்டும் என்றால் தண்ணீரால் நனைத்துவிட்டு முழுசாகக் கழற்றுங்கள்.

கேள்வி: என் மகன் கட்டடக்கலை படிக்கிறான். கிளிநொச்சி ரவுணில் பார்ப்பதற்கு ஒரு வீடும் இல்லை, எல்லாம் பெட்டி என்கிறான். உண்மையா?
– ஒரு தகப்பன், கனகபுரம்

பதில்: மகனுக்கு வயது என்ன, இருபத்திரண்டா? அப்படித்தான் சொல்வான். அவனைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் உருத்திரபுரம், வட்டக்கச்சிப் பக்கம் சைக்கிளில் போய்வாருங்கள்.

கிளிநொச்சி ஒரு பழைய பட்டினம் அல்ல. இரணைமடுக் குளத்தின் தண்ணீரை நம்பி 1936-இல் குடியேற்றத் திட்டமாகத் தொடங்கிய ஊர். யாழ்ப்பாணத்தில் காணி போதாமல் வந்தவர்கள் காட்டை வெட்டிக் கொட்டில் போட்டார்கள், பிறகு மண்சுவர் வைத்தார்கள், பிறகுதான் கல். ஆகவே இங்கே நடுவில் முற்றமும் சுற்றித் தூணும் வைத்த நாற்சார் வீட்டைத் தேடினால் கிடைக்காது. இங்கே தேட வேண்டியது மிளகாய் வீடு.

இந்தப் பெயர் புத்தகத்தில் இருக்காது, நான் வைத்தது. 1970-களின் முதல் பாதியில் அரசாங்கம் வெளிநாட்டு மிளகாய், வெங்காயத்தை நிறுத்தியபோது வன்னித் தோட்டக்காரர் கையில் முதன்முதல் கற்றையாகக் காசு வந்தது. அந்தக் காசு கூரைக்குப் போனது. 77-க்குப் பிறகு இறக்குமதியைத் திறந்துவிட, விலை விழ, கட்டின வீடு பாதியில் நின்றதும் உண்டு. அந்தக் காலத்து வீட்டை நூறு யார் தூரத்திலேயே அடையாளம் கண்டுவிடுவேன். முன் விறாந்தைக்கு அரை உயரச் சுவர். அதற்குமேல் சீமெந்தில் வார்த்த பூக்கல், சிலது நாலு இதழ், சிலது வட்டத்துக்குள் வட்டம். சூரியன் உதிக்கிற மாதிரிக் கதிர் வைத்த இரும்பு கேற். விறாந்தை நிலம் சிவப்புச் சீமெந்து, ஓரத்தில் கறுப்புக் கரை. முகப்பில் ஒரு சின்ன முக்கோணம், அதில் ஆண்டு. அந்த ஆண்டு 1971 முதல் 76-க்குள் இல்லாவிட்டால் எனக்குக் கடிதம் போடுங்கள்.

மகனுக்கு ஒரு வேலை கொடுங்கள். அந்தப் பூக்கல்லின் நிழல் காலை எட்டு மணிக்கு விறாந்தை நிலத்தில் எங்கே விழுகிறது, பத்து மணிக்கு எங்கே போகிறது என்று சோக்கால் கோடு போடச் சொல்லுங்கள். வெயிலை அரித்து, காற்றை உள்ளே விட்டு, தெருவில் போகிறவருக்கு உள்ளே இருப்பவரைக் காட்டாமல், உள்ளே இருப்பவருக்குத் தெருவைக் காட்டுகிற ஒரு சாமான் அது. ஒரு மேசன் மரப் பெட்டி அச்சு வைத்து முற்றத்திலேயே வார்த்தது. இன்றைக்குக் கண்ணாடி யன்னலைப் பூட்டி உள்ளே ஏசி போட்டுச் செய்கிறோம் பாருங்கள், அதைத்தான் அந்த மேசன் கரண்டு இல்லாமல் செய்தான்.

இவற்றில் எத்தனை நிற்கின்றன என்று கேட்காதீர்கள். முழுசாக நிற்பது குறைவு. சுவர் விழுந்து பூக்கல் வரிசை மட்டும் தனியாக நிற்கிற இடங்களும் உண்டு, பற்றைக்குள் போய்ப் பார்க்க வேண்டும். (மிதிவெடி அகற்றி முடிந்த இடமா என்று ஊராரைக் கேட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். பகிடி இல்லை.)

கேள்வி: அரிப்பில் இருக்கிற அல்லிராணிக் கோட்டையில் அல்லிராணி உண்மையில் இருந்தாளா?
– ஒரு மாணவி, மன்னார்

பதில்: அல்லி இருந்தாளோ தெரியாது தங்கச்சி, அந்தக் கட்டடத்தில் இருந்தது பிரெடெரிக் நோர்த். இலங்கையின் முதல் பிரித்தானிய ஆளுநர். முத்துக் குளிப்பைக் கரையில் இருந்தே பார்வையிடுவதற்காக 1801-க்கும் 1804-க்கும் இடையில் கட்டிய மாளிகை. கிரேக்கத்து டோரிக் பாணியில் தூண் வைத்ததால் ஆங்கிலத்தில் அதற்கு "டோரிக்" என்றே பெயர். செங்கல்லும் சுண்ணாம்பும்தான், கருங்கல் இல்லை. கடல் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது, ஆகவே போய்ப் பார்ப்பதென்றால் பிந்தாதீர்கள்.

அதற்குப் பக்கத்தில் இன்னொரு பழைய கோட்டை இருக்கிறது, அதோடு குழப்ப வேண்டாம். கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருடம் பிடிபட்டுக் கிடந்த ரொபர்ட் நொக்ஸ் 1679-இல் காட்டு வழியாகத் தப்பி வந்து ஏறியது அந்த ஒல்லாந்தர் கோட்டையில்தான். என்னைக் கேட்டால் அல்லி கதையைவிட அதுதான் நல்ல கதை. ஆனால் ஊரார் வைத்த பெயரை மாற்றச் சொல்ல நான் யார்.

கேள்வி: சங்கடப் படலை என்றால் என்ன?
– ஒரு வாசகர், குருமன்காடு

பதில்: வீட்டு வாசல் படலைக்கு மேல் ஒரு சின்னக் கூரை, இரண்டு பக்கமும் இருக்கத் திண்ணை. வழிப்போக்கர் வெயிலுக்கோ மழைக்கோ ஒதுங்கலாம், வீட்டுக்காரரிடம் கேட்கத் தேவையில்லை. சங்கடப்பட்டு வருகிறவருக்கான படலை என்று சொல்வார்கள். இப்போது அந்த இடத்தில் "நாய் கவனம்" பலகை.

கேள்வி: வவுனியா நகரில் தாத்தா கட்டிய வீடு எங்களுக்கு வந்திருக்கிறது. இடித்துவிட்டு மாடி கட்டலாம் என்று நானும் தம்பியும் நினைக்கிறோம். அங்கே இருக்கும் மாமா விடமாட்டேன் என்கிறார். நாங்கள் வருடத்துக்கு மூன்று கிழமைதான் வருவோம். நியாயம் யார் பக்கம்?
– ஒரு வாசகர், ஸ்காபரோ, கனடா

பதில்: மூன்று கிழமைக்கு மாடியா? மிச்ச நாற்பத்தொன்பது கிழமை அதைக் கூட்டுவது மாமாதானே. இது ஒரு பதில்.

அடுத்த பதில் கொஞ்சம் நீளம். 1998-இல் என் சொந்த வீட்டில் அப்பா கட்டின திண்ணையை உடைத்து வான் விட இடம் எடுத்தேன். உடைத்தவன் நான், யாரையும் குறை சொல்ல முடியாது. உடைத்த பிறகு முதல் மாரியிலேயே தெரிந்தது, அந்தத் திண்ணைதான் வாடைக் காற்றோடு அடிக்கிற மழையை முன்சுவரில் படாமல் இவ்வளவு காலமும் தடுத்துக்கொண்டிருந்தது என்று. சுவர் ஊறி, நிலை உப்பி, கறையான் வந்து, இன்றைக்கு வரைக்கும் அந்தக் கதவு ஐப்பசி முதல் தை வரை பூட்டுப்படாது. வானையும் விற்றுவிட்டேன்.

ஆகவே இடிப்பதற்கு முன் ஒரு முழு மாரியும் ஒரு கச்சான் காற்றுக் காலமும் அந்த வீடு எப்படி நடந்துகொள்கிறது என்று மாமாவிடம் எழுதி வாங்குங்கள். எந்த அறை ஒழுகுகிறது, எங்கே குளிர்ச்சி, எந்த யன்னலைத் திறந்தால் காற்று, மத்தியானம் அவர் எங்கே பாய் போடுகிறார். அவர் பாய் போடுகிற இடத்தை மட்டும் இடிக்காதீர்கள். மாடி வேண்டுமென்றால் பின் வளவில் கட்டலாம், முன்வீடு அப்படியே நிற்கட்டும். அப்புறம் இதையும் கவனியுங்கள்: வவுனியாவில் உங்கள் குறிச்சியின் பெயர் குளத்தில் முடிகிறதா? பாதி ஊர் முடிகிறது. வைரவபுளியங்குளம், பண்டாரிகுளம், நெளுக்குளம், கோவில்குளம். தாழ்ந்த பக்கத்துக் களிமண் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். ஒரு மாடி வீட்டைத் தாங்கிய அத்திவாரம் மூன்று மாடியைத் தாங்காது. மண் பார்க்காமல் பிளான் கீறித் தருகிறேன் என்கிறவரிடம் காசு கொடுக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் கல்வீட்டுக்கு 90 வயது. தொல்பொருள் திணைக்களம் எடுத்துவிடுமா என்று பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, முல்லைத்தீவு

பதில்: பயப்பட வேண்டாம். 1940-ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் பெரும்பாலும் 1815 மார்ச் 2-க்கு முந்தியவற்றைப் பற்றியது. அதற்குப் பிந்திய கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிப்பதென்றால் வர்த்தமானியில் வர வேண்டும். 90 வயது வீடு உங்கள் கையில்தான் இருக்கிறது. முல்லைத்தீவில் சுனாமியையும் தாண்டி ஒரு வீடு நிற்கிறது என்றால், எனக்கு ஒரு படம் அனுப்புங்கள்.

கேள்வி: இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டிய வீட்டில் இருக்கிறோம். வரிசையாக எல்லாம் ஒரே மாதிரி. இதற்கெல்லாம் என்ன கலை, என்ன வரலாறு?
– ஒரு வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: இல்லையென்று யார் சொன்னது. 550 சதுர அடி, 5,50,000 ரூபா, கட்டம் கட்டமாக உங்கள் வங்கிக் கணக்குக்கே வந்தது, கட்டினது நீங்கள். காசு போதாமல் காதில் கிடந்ததை அடகு வைத்தவர்களும் உண்டு. அந்த அடகுச் சீட்டை எறியாதீர்கள், வீட்டு உறுதியோடு வையுங்கள். ஐம்பது வருடத்துக்குப் பிறகு ஒரு பேரப்பிள்ளை என்னைப்போல் ஒருவனுக்குக் கடிதம் எழுதும்.

ஒரே மாதிரி என்கிறீர்கள், ஆனால் ஒரு வரிசையில் நடந்து பார்த்தால் ஒருவர் முன்பக்கம் சாய்ப்பாகப் பத்தி இறக்கியிருக்கிறார், ஒருவர் குசினியை வெளியே எடுத்து மண்ணால் கட்டியிருக்கிறார், ஒரு வீட்டில் சுவர் பூசாமல் செங்கல்லையே விட்டிருக்கிறார்கள், அதுவும் வடிவுதான். உங்களுக்கு என் யோசனை ஒன்றுதான். மேற்குப் பக்கம் எட்டடிக்கு ஒரு பத்தி இறக்குங்கள். பின்னேர வெயில் சுவரில் படாவிட்டால் இரவுப் படுக்கை மாறிவிடும்.

கேள்வி: நிலைக்கு முதிரையா, பாலையா?
– ஒரு வாசகர், துணுக்காய்

பதில்: நிலைக்கும் கதவுக்கும் முதிரை. வளைக்குப் பாலை, பாரத்துக்குப் பயப்படாத கூரை என்றால். இரண்டையும் பெர்மிட் இல்லாமல் ஏற்றாதீர்கள், இடித்த வீட்டு மரம் கிடைத்தால் அதுவே திறம்.

கேள்வி: 2010-இல் மீளக் குடியேறியபோது அப்பா கட்டிய கூரை இது. போன மாதம் மேல்தட்டு மாற்ற ஏறினபோது ஒவ்வொரு கைமரத்திலும் பச்சைப் பெயின்ரால் இலக்கம் எழுதியிருப்பதைக் கண்டோம். 1 முதல் 18 வரை. 7-உம் 11-உம் இல்லை, அந்த இடத்தில் வேறு மரம். அப்பா இப்போது இல்லை. இது என்ன கணக்கு?
– ஒரு வாசகர், கிளிநொச்சி

பதில்: இது கணக்கு இல்லை, தம்பி, பயணம்.

2008-இல் போர் துரத்த ஊர் ஊராக எழும்பியபோது பலர் வீட்டையும் கழற்றிக்கொண்டு போனார்கள். ஓடு, சீற், நிலை, யன்னல், கைமரம் எல்லாம் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறியது. போகிற இடத்தில் திரும்பப் பூட்ட வேண்டுமே, அதற்காகத்தான் இலக்கம். ஒவ்வொரு கைமரமும் தன் இடத்தில்தான் சரியாகக் குந்தும், ஒரு அங்குலம் மாறினாலும் வளையில் இருக்காது. உங்கள் அப்பா அவசரத்திலும் ஒழுங்கான மனிதர், வேறு சிலர் கரியால் எழுதி மழையில் அழிந்துபோய்த் தவித்ததை நான் பார்த்திருக்கிறேன். மரங்களின் நுனியைப் பாருங்கள். ஒரு ஆணித் துளைக்குப் பக்கத்தில் இரண்டாவது, மூன்றாவது துளை இருக்கும். எத்தனை துளையோ அத்தனை இடத்தில் அந்தக் கூரை ஏறி இறங்கியிருக்கிறது. புது மரச் சட்டம் போடும்போது அந்தப் பச்சை இலக்கத்தின் மேல் வார்னிஷ் மட்டும் பூசச் சொல்லுங்கள், உளி போட வேண்டாம்.

7-உம் 11-உம் பற்றி. பங்கருக்கு, அதுதான் பதுங்கு குழிக்கு, மேல் குறுக்கே போட மரம் தேவைப்பட்டது, பனங்குற்றி கிடைக்காத இடத்தில் கூரை மரத்தைத்தான் எடுத்தார்கள். எந்த இடத்தில் என்று உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். கேளுங்கள், பின்னேரத்தில், பிள்ளைகள் இல்லாத நேரமாகப் பார்த்து.